ஒளிரும் நானோ பூச்சும் போலி லேபிளும்: குமரி எல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் லேபிள் அடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவருகிறேன். வேதியியல் படித்துவிட்டு மை கலக்க வந்தவன் என்பதால், தேன், கிராம்பு, நல்லமிளகு விற்கும் எங்கள் ஊர்க்காரர்களும், பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் வியாபாரிகளும் போலிச் சரக்கைப் பற்றிய கவலையோடு என்னிடம் வருவதுண்டு. "இருட்டில் மினுங்குகிற மை இருக்கிறதாமே, அதைப் போட்டால் கள்ள லேபிள் நின்றுவிடுமா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அதற்கும் அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒளிரும் நானோ பூச்சு என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் அதைத் திருப்பித் தரும் நுண்துகள்களை மையிலோ வார்னிஷிலோ கலந்து, லேபிளின் மேல் மெல்லிய படலமாகப் பூசுவதுதான் இது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இத்துகள்கள் ஏறக்குறைய 10 முதல் 100 நானோமீட்டர் வரை இருக்கும். நாம் காணும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். துகள் அதைவிட மிகச் சிறியதாக இருப்பதால் ஒளியை அதிகம் சிதறடிப்பதில்லை. ஆகவே பூச்சு தெளிந்த வார்னிஷ் போலவே கிடக்கும், உரிய விளக்கு படும்வரை அது அங்கே இருப்பதே தெரியாது.

ஒளிர்தல் புதிய சங்கதி அல்ல. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிவியலாளர் மலேரியா மருந்தான கொய்னாவின் கரைசலில் இதை ஆராய்ந்துதான் இந்த நிகழ்வுக்குப் பெயரிட்டார். அந்தக் கொய்னா எடுக்கும் சின்கோனா மரத்தை நம் மூணாறு மலையிலும் ஒரு காலத்தில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து, தெளிந்த கரைசலின் மேல் ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும்.

ரூபாய் நோட்டில் இருப்பதும் இதுதானா?

அதே குடும்பம். நம் நோட்டுகளின் எண் பகுதி ஒளிரும் மையால் அச்சிடப்படுகிறது. காகிதத்துக்குள் இருக்கும் நுண்ணிழைகளும் புற ஊதா விளக்கில் தெரியும். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் ஒரு நிறமும் 365 நானோமீட்டர் விளக்கில் வேறொரு நிறமும் காட்டும் இரட்டை ஒளிர் மை ஒன்றை உருவாக்கி, ஒரு கிலோ அளவில் தயாரித்து தேவாஸ் நோட்டு அச்சகத்துக்குக் கொடுத்தது. சிவப்பும் பச்சையுமாக ஒரே குறி இரண்டு முகம் காட்டுவதுதான் அதன் சிறப்பு.

சாதாரண புற ஊதா மையே கிடைக்கிறதே, அது போதாதா?

யாரிடமிருந்து காப்பாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுகிற ஆளைத் தடுக்க அது போதும். ஆனால் அதே மையை அவனும் கடையில் வாங்கலாம், அதைக் காட்டும் டார்ச்சும் எங்கும் கிடைக்கிறது. கூடவே, அத்தகைய மைகளில் பெரும்பாலானவை கரிமச் சாயங்கள்; வெயிலில் வெளுத்துவிடும். கடை முகப்பில் மாதக்கணக்கில் வெயில் வாங்கிய தேன் பாட்டிலில் குறி மங்கிப்போனால், உண்மையான சரக்கையே போலி என்று சொல்ல வேண்டி வரும். வியாபாரிக்கு அதைவிட மோசமான நிலை கிடையாது.

யூரோப்பியம், டெர்பியம், எர்பியம் போன்ற, ரேர் எர்த் எனப்படும் அருமண் தனிமங்களைத் தாங்கிய கனிமத் துகள்கள் அப்படி வெளுப்பதில்லை. அவற்றின் ஒளி அகலமாகப் பரந்து கிடக்காமல், குறிப்பிட்ட சில அலைநீளங்களில் கூரிய கோடுகளாக விழும். யூரோப்பியம் என்றால் 610-ஐ ஒட்டிய சிவப்பு, டெர்பியம் என்றால் 545-ஐ ஒட்டிய பச்சை. கண்ணுக்கு எல்லாச் சிவப்பும் ஒன்றுதான், கருவிக்கு அப்படி அல்ல.

நானோ என்ற சொல்லுக்காகவே பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மைப் படலம் தடிமனாக விழுவதால், சில மைக்ரோமீட்டர் அளவுள்ள பழைய ஒளிர்தூளே நன்றாக வேலை செய்யும். பெரிய துகள் நானோ துகளைவிடப் பிரகாசமாகவும் ஒளிரும். ஓரிரண்டு மைக்ரோமீட்டர் மட்டுமே படியும் ஆஃப்செட்டுக்கும், நுண்துளை அடைத்துக்கொள்ளும் இன்க்ஜெட்டுக்கும், பூச்சு கண்ணில் படவே கூடாது என்ற இடத்துக்கும்தான் நானோ அவசியம்.

அகச்சிவப்பு விளக்கில் பச்சையாகத் தெரியும் பூச்சு என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வழக்கமான ஒளிர்தலில், ஆற்றல் கூடிய புற ஊதா உள்ளே போய், ஆற்றல் குறைந்த நிறம் வெளியே வருகிறது. நடுவில் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகச் சிந்திவிடுகிறது. இங்கே நடப்பது தலைகீழ். ஆற்றல் குறைந்த அகச்சிவப்பு உள்ளே போகிறது, ஆற்றல் கூடிய பச்சை வெளியே வருகிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றரை வாங்கியது போலத் தோன்றினாலும் கணக்கில் பிசகில்லை. ஆழக் கிணற்றில் இறங்கி நிற்கும் ஒருவர் பாதித் திட்டுவரை வாளியைத் தூக்கி வைக்க, அடுத்த கை அதை மேலே கொண்டுவருவதைப் போல, இரண்டு அகச்சிவப்பு ஒளித்துகள்களின் ஆற்றல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பச்சை ஒளித்துகளாக வெளிவருகிறது. இதை மேல்மாற்ற ஒளிர்வு என்கிறோம்.

இதற்கு அதிகம் பயன்படுவது சோடியம் யிட்டிரியம் ஃபுளோரைடு என்ற படிகம். அதில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு யிட்டர்பியமும் இரண்டு பங்கு எர்பியமும் சேர்ப்பார்கள். 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை யிட்டர்பியம் வாங்கிப் பக்கத்திலுள்ள எர்பியத்துக்குக் கைமாற்றும். எர்பியம் பச்சையும் சிவப்பும் கலந்து வெளிவிடும். எர்பியத்துக்குப் பதில் தூலியம் சேர்த்தால் நீலம் வரும். யிட்டர்பியத்தின் அளவைக் கூட்டக் கூட்டப் பச்சை குறைந்து சிவப்பு ஓங்கும் என்பதால், பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதத்தையே ஒரு ரகசிய எண் போல வைத்துக்கொள்ளலாம். விளக்கை அணைத்தபின் ஒளி எத்தனை மைக்ரோ விநாடி தங்குகிறது என்பதும் செய்முறைக்கேற்ப மாறும். சாயங்களின் ஒளி சில நானோ விநாடிகளில் அடங்கிவிட, அருமண் ஒளி மைக்ரோ விநாடியிலிருந்து மில்லி விநாடி வரை நிற்பதால், விளக்கு அணைந்த பிறகு மட்டும் பார்க்கும் கருவிக்கு முன்னால் சாயம் போட்ட நகல் இருட்டாகவே இருக்கும்.

குறையும் உண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்புக்கு வந்துவிடும். அங்கே ஈரமும் மற்ற மூலக்கூறுகளும் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ள, ஒளி மங்கும். அதற்காக அருமண் சேர்க்காத படிகத்தாலேயே ஒரு தோல் போர்த்துவார்கள். அதன்மேல் சிலிக்காவால் இன்னொரு போர்வையும் போடுவதுண்டு. 300 டிகிரியை ஒட்டிய சூட்டில், காற்றுப் புகாமல் செய்யும் வேலை இது. நம் ஊர் அச்சகத்தில் ஆகிற காரியம் இல்லை. துகளை வாங்கி மையில் கலப்பதுதான் நம் பங்கு.

டார்ச் அடித்தால் லேபிள் முழுவதுமே நீலமாகத் தெரிகிறதே?

உங்கள் வெள்ளை வேட்டியும் அப்படித்தான் தெரியும். சலவைத்தூளிலும் வெள்ளைக் காகிதத்திலும் பளிச்சென்ற வெண்மைக்காக ஒளிர்சாயம் சேர்க்கிறார்கள். இதைப் படித்திருந்தும் நான் ஒருமுறை ஏமாந்தேன். தேன் விற்கும் ஒருவருக்காக நீல ஒளிர்குறி போட்டு ஆயிரக்கணக்கில் லேபிள் அடித்த வேளையில், வழக்கமான காகிதம் தீர்ந்து, மாற்றாக வந்த ரோலைப் பார்க்காமலே ஏற்றிவிட்டேன். அந்தக் காகிதமே நீலமாக எரிய, குறி அதில் முழுகிப்போனது. மொத்தத்தையும் கிழித்துப் போட்டோம். அன்றிலிருந்து எந்த ரோல் வந்தாலும் அறையின் விளக்கை அணைத்து ஒரு முழம் விரித்துப் பார்த்த பிறகே மெஷினில் ஏற்றுகிறேன். மேல்மாற்ற ஒளிர்வின் பெரிய வசதியும் இங்கேதான் தெரிகிறது: காகிதமோ பசையோ அகச்சிவப்பைப் பச்சையாக்குவதில்லை என்பதால் குறியின் பின்னணி கறுப்பாகவே நிற்கும்.

லேமினேஷன் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சாதாரணக் கண்ணாடியும் பல பிளாஸ்டிக் படலங்களும் 254 நானோமீட்டர் ஒளியை மறித்துவிடும். அந்த விளக்குக்கான குறியை லேமினேஷனுக்கு அடியில் வைத்தால், பூட்டைப் போட்டுச் சாவித் துளையை அடைத்த கதைதான்.

அருமண் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கிறதே, இங்கேயே எடுக்க முடியாதா?

பெருமையோடு கேட்கப்படும் கேள்வி, பெருமைக்குக் காரணமும் இருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில், அருமண்ணும் தோரியமும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். அப்போது இந்தக் கரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அந்த மோனசைட்டுக்கு ஐரோப்பாவில் கிராக்கி வந்ததே விளக்குக்காகத்தான்: கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் மாட்டுவோமே, அந்த மேன்டில் தோரியம் ஆக்சைடில் ஒரு சதவீத அளவுக்குச் சீரியம் சேர்த்துச் செய்தது. ஆக, நம் மணல் உலகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது இது முதல் தடவை அல்ல.

ஆனால் மோனசைட்டில் பெரும்பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகியவை. பூச்சுக்கு வேண்டிய யிட்டர்பியமும் எர்பியமும் அதில் மிகச் சொற்பம். தோரியம் கலந்திருப்பதால் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1950-இல் தொடங்கப்பட்ட ஐ.ஆர்.இ.எல். என்ற மைய அரசு நிறுவனம் மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவறையிலும் மணலைப் பிரிக்கிறது, ஆலுவாயில் அருமண் பிரிவு நடத்துகிறது. கடற்கரையில் கறுப்பு மணல் அள்ளி மை செய்ய நினைப்பவர்கள், மை வருவதற்கு முன்னால் வழக்கு வரும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் லேபிளிலிருந்து கதிர்வீச்சு வருமா?

வராது. நம் கரையின் கதிர்வீச்சுக்குக் காரணம் மோனசைட்டிலுள்ள தோரியம். அதைப் பிரித்து நீக்கியபின் கிடைக்கும் யிட்டிரியம், யிட்டர்பியம், எர்பியம் ஆகியவை கதிரியக்கம் அற்றவை.

தேனோடு கலந்துவிடுமா?

பூச்சு லேபிளின் வெளிப்புறத்தில் மட்டுமே இருக்க வேண்டும். மூடியின் உட்பகுதியிலோ, உணவைத் தொடும் எந்தப் படலத்திலோ நான் போட்டுத் தருவதில்லை. உணவுப் பொட்டலத்து அச்சு மைக்கு ஐ.எஸ். 15495 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. மை விற்பவரிடம் அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிவையுங்கள். குவாண்டம் புள்ளிகள் என்று ஒன்றைச் சிலர் காட்டக்கூடும். அளவுக்கேற்ப நிறம் மாறும் அந்தத் துகள்களுக்காக 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள், அழகானவைதான். ஆனால் அவற்றில் புகழ்பெற்ற வகை காட்மியம் கொண்டது, காட்மியம் நஞ்சு. தேன் பாட்டிலுக்கு அருகில் அது வேண்டாம்.

டார்ச்சால் கண்ணுக்குக் கெடுதல் உண்டா?

உண்டு, இதில் அலட்சியம் கூடாது. 365 நானோமீட்டர் டார்ச்சை நேராகப் பார்க்காமல் இருந்தால் பெரிய தொந்தரவில்லை. 254 நானோமீட்டர் விளக்கு தோலையும் கண்ணையும் சுடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது 980 நானோமீட்டர் லேசர். மேல்மாற்றத்துக்கு ஒளி செறிவாக விழ வேண்டும், செறிவு பாதியானால் பச்சை ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். அதனால் வலுவான லேசரைத் தேடுவார்கள். அதுவோ கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை தானாக மூடாது. விழித்திரை வெந்தபிறகுதான் விஷயமே தெரியும். உரிய கண்ணாடி அணிந்த, பழக்கிய ஆள் தவிர வேறு யார் கையிலும் அதைக் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் நடமாடும் கடையில் மேசைமேல் வைக்கவே வேண்டாம்.

கியூஆர் கோடு இருக்கும்போது இது எதற்கு?

கியூஆர் கோடு ஒரு படம். படத்தை எவரும் நகலெடுக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் முன்னணி 300 மருந்துப் பெயர்களுக்குக் கியூஆர் அல்லது பார்கோடு கட்டாயமாகியிருக்கிறது. வாங்குபவரே செல்போனில் பார்க்கலாம் என்பது அதன் பலம். ஒளிர்பூச்சின் பலம் வேறு: நகலெடுக்கும் கருவி அதைப் பார்ப்பதில்லை. கியூஆர் கோடையே ஒளிர்மையால் அச்சிட்டு இரண்டையும் சேர்ப்பதும் உண்டு. மதுப் பாட்டிலில் வரும் ஹாலோகிராமும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான். திருவனந்தபுரத்திலுள்ள சி-டிட் நிறுவனம் கேரள அரசுக்கு அத்தகைய ஹாலோகிராம்களைச் செய்து கொடுத்திருக்கிறது.

கேரள லாட்டரிச் சீட்டு வாங்குகிறோம். அதைப் போலியா என்று டார்ச்சில் பார்க்கலாமா?

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடைசெய்யப்பட்டதால், எல்லை தாண்டி வாங்குபவர்கள் இதைக் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எந்தக் குறி எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாதவருக்கு டார்ச் வெளிச்சம் பயன்படாது. பரிசுச் சீட்டு என்று சொல்லி யாராவது கைமாற்ற வந்தால், லாட்டரி அலுவலகத்துக்கோ அங்கீகாரம் பெற்ற முகவரிடமோ போகச் சொல்லுங்கள்.

லேபிள் ஒளிர்ந்தால் உள்ளே இருப்பது சுத்தமான தேன் என்று நம்பலாமா?

நம்ப முடியாது. ஒளிர்வது லேபிள், தேன் அல்ல. பூச்சு எவ்வளவு உயர்ந்ததானாலும் "இந்தக் காகிதம் இன்னாருடைய அச்சகத்திலிருந்து வந்தது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அது சொல்லாது. போலி செய்கிறவர்கள் லேபிளை நகலெடுக்கவே மெனக்கெடுவதில்லை. பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க் கடையிலிருந்து காலி பாட்டிலை அசல் லேபிளோடு வாங்கி, சர்க்கரைப் பாகை ஊற்றிவிடுகிறார்கள். உங்கள் விலையுயர்ந்த நானோ பூச்சு அங்கே போலிக்குச் சான்றிதழ் ஆகிறது. ஆகவே குறி பாட்டிலின் வயிற்றில் இருப்பதைவிட, மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே, திறந்தால் கிழிந்தே தீரும் பட்டையில் இருக்க வேண்டும். என்னிடம் வருபவர்களிடம் முதலில் இந்தப் பட்டையைத்தான் வற்புறுத்துகிறேன். பணம் மிஞ்சினால் பூச்சைப் பார்க்கலாம்.

தேனின் தரத்தை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். தை முதல் பங்குனி வரை ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் எடுக்கும் நம் தேன் உறைவது இயல்பு. அதைப் பார்த்துக் கலப்படம் என்று சொல்கிற வாடிக்கையாளருக்கு எந்த விளக்கும் பதில் சொல்லாது.

போலிக்காரனும் இதே துகளை வாங்கிக் கலக்கமாட்டானா?

கலக்கலாம். எர்பியத் துகள் உலகச் சந்தையில் விற்கும் பொருள்தான். அதனால்தான் "பச்சையாக ஒளிர்கிறதா" என்று மட்டும் பார்ப்பது காப்பாகாது. ஒரு குறி கடைக்காரர் பார்க்க, ஒன்று உங்கள் விற்பனை ஆள் பார்க்க, ஒன்று ஆய்வகத்தில் கருவியால் மட்டும் அளக்க என்று அடுக்கி வையுங்கள். மூன்றாவதை அச்சகத்துத் தொழிலாளிகூட அறியத் தேவையில்லை. துகள்கள் தற்செயலாகச் சிதறிக் கிடக்கும் கோலத்தையே ஒவ்வொரு லேபிளுக்கும் படமெடுத்துப் பதிவுசெய்யும் முறையும் இருக்கிறது. கைரேகை மாதிரி, செய்தவரால்கூட மறுபடி செய்ய இயலாது. அதற்குப் படங்களைச் சேமித்து ஒப்பிடும் ஏற்பாடு வேண்டும், சிறு வியாபாரிக்கு இன்றைக்கு அது பாரம்தான்.

உங்கள் ஊரில் மாதம் ஒருமுறையாவது பத்துக் கடைகளில் பாட்டிலை எடுத்துச் சோதிக்கும் ஆள் இல்லையென்றால், இதில் ஒன்றுமே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பார்க்க ஆளில்லாத குறிக்குச் செலவழிப்பதைவிட, அந்தக் காசுக்கு நல்ல மூடி வாங்கலாம்.

போலி லேபிள் கையில் சிக்கினால் என்ன செய்வது?

கிழிக்காதீர்கள், துடைக்காதீர்கள். அசல் ஒன்றையும் போலி ஒன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, சாதாரண வெளிச்சத்திலும் விளக்கிலும் படமெடுங்கள். வாங்கிய கடையின் ரசீதோடு உறையிலிட்டு மூடி வையுங்கள். போலி வணிகக் குறிக்கு 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் போன்ற பெயர்களை உரிமையின்றி ஒட்டுவதற்கும், அதற்கென்று உள்ள சட்டத்தில் அதே அளவு தண்டனை உண்டு. புகார் கொடுக்கும்போது மூன்றாவது குறி என்ன என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். அதைச் சோதித்த ஆய்வக அறிக்கையை மூடிய உறையில் வழக்கறிஞர் வழியாகக் கொடுங்கள். அடுத்த ரோல் அச்சுக்குப் போகுமுன் என்னிடம் வந்தால், அந்தக் குறியின் கலவையை மாற்றித் தருகிறேன்.